பேஸ் போனால் கால் செகண்டில் கட்: இறால் பண்ணைக்கு ஒரு கன்ட்ரோல் பெட்டி

இந்தக் கச்சான் காற்று சீசன் முழுக்க மாமா பண்ணையில் ஒரு ஏரேட்டர் மோட்டார்கூட வைண்டிங் கடைக்குப் போகவில்லை. பெட்டி ஷெட் சுவரில் தொங்கிக்கொண்டு அதன் வேலையைப் பார்க்கிறது. அதனால் மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன். ஆர்டுவினோ தெரிந்து, மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். 415 வோல்ட் பக்கத்து வேலையை மட்டும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள், நானும் அப்படித்தான் செய்தேன்.

இடம் தேவிபட்டினத்துக்கும் திருப்பாலைக்குடிக்கும் நடுவில், பாக் நீரிணைக் கரை. வனாமி இறால், ஒரு குளம், நாலு ஏரேட்டர் (தண்ணீரில் காற்றைக் கலக்கும் மோட்டார்), ஒவ்வொன்றும் 2 எச்பி த்ரீ பேஸ். ராத்திரியில் பாசியும் ஆக்சிஜனை இழுக்கும், இறாலும் இழுக்கும், விடியும் முன்தான் தண்ணீரில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போகும். லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நிம்மதி, 3-க்குக் கீழே போனால் இறால் மேலே வந்து திணறும். ஆக, ஏரேட்டர் நிற்கக் கூடாத நேரம் ராத்திரி ரெண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை. லைன் கோளாறு வருவதும் அதே நேரம்தான். கடலோரத்தில் இன்சுலேட்டர் மேல் உப்பு படிந்திருக்கும், பனி இறங்கியதும் அது ஈரமாகிப் பொறி பறக்கும். காற்று சீசனில் ஜம்பர் லூசாகி ஒரு பேஸ் மட்டும் போய்விடும்.

மொத்தமாகக் கரண்ட் போனால் பிரச்சினை சின்னது, கன்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் காந்த சுவிட்ச்) தானே விழுந்துவிடும். ஒரு பேஸ் மட்டும் போனால்தான் வம்பு. போன பேஸ் கன்டாக்டர் காயிலுக்குப் போகிற பேஸாக இருந்தால் தப்பித்தோம், இல்லையென்றால் காயில் பிடித்தபடியே இருக்கும். ஓடிக்கொண்டிருந்த மோட்டார் மிச்ச ரெண்டு பேஸில் ஒன்றேமுக்கால் மடங்கு கரண்ட் இழுத்துக்கொண்டு ஓடும். நின்றிருந்த மோட்டார் என்றால் கிளம்பவே கிளம்பாது, உறுமிக்கொண்டு நின்ற இடத்திலேயே வேகும். ஓவர்லோடு ரிலே இதற்குத்தானே இருக்கிறது என்பீர்கள். அதைத் திறந்து பார்த்தேன், அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று யாரோ திருகிக் கடைசி வரை ஏற்றி வைத்திருந்தார்கள். மூன்றரை ஆம்பியரில் இருக்க வேண்டியது ஆறில் இருந்தது.

கடையில் கிடைக்கும் சிங்கிள் பேசிங் பிரிவென்டரை முதலில் போட்டுப் பார்த்தோம். வோல்டேஜ் பார்த்து முடிவெடுக்கிற மாடல். ஒரு மோட்டார் மட்டும் இருக்கும்போது ஒழுங்காக வெட்டியது, நாலும் ஓடும்போது வெட்டவில்லை. காரணம் இதுதான்: ஓடிக்கொண்டிருக்கிற மோட்டார்கள், போன பேஸில் தாங்களே வோல்டேஜ் உண்டாக்கித் திருப்பி அனுப்புகின்றன. ஃபியூஸைக் கழற்றிவிட்டு அந்தக் கம்பியில் மீட்டரை வைத்தால் 350 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பிரிவென்டர் பாவம், அதற்கு மூணு பேஸும் இருப்பதாகத்தான் தெரியும். வோல்டேஜ் பொய் சொல்லும், கரண்ட் சொல்லாது. எனவே மூணு கம்பியிலும் சிடி (கம்பியைச் சுற்றிக் கவ்வி கரண்டை அளக்கும் சென்சார்) மாட்டி, கரண்டை அளந்து முடிவெடுக்கிற பெட்டி செய்வது என்று முடிவானது.

முதல் பெட்டி ஆர்டுவினோ ஊனோ. லூப்புக்குள் வரிசையாக எல்லாம்: மூணு பேஸ் கரண்டை அளப்பது, டிஓ (தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன்) ப்ரோப் வாசிப்பது, தண்ணீர் சூடு பார்ப்பது, நாலு வரி எல்சிடியில் எழுதுவது, ஏதாவது தப்பென்றால் மாமாவுக்கு எஸ்எம்எஸ். மேஜையில் அருமையாக ஓடியது. பண்ணையில் மாட்டிய பிறகு ஒரு விடியற்காலை மாமா போன் செய்தார். "என்னடா மாப்ள, கரண்ட் போச்சுன்னு மெசேஜும் வந்துருக்கு, மோட்டாரும் எரிஞ்சிருக்கு?"

நடந்தது இது. கரண்ட் மொத்தமாகப் போயிருக்கிறது. பெட்டிக்குத் தனி பேட்டரி உண்டு, அதனால் அது விழித்திருந்து, எஸ்எம்எஸ் அனுப்ப ஆரம்பித்திருக்கிறது. அங்கே சிக்னல் ஒரு கோடுதான் இருக்கும். சிம்800எல் என்ற ஜிஎஸ்எம் மாட்யூலில் மெசேஜ் அனுப்பும் கட்டளைக்குப் பதில் வர அதிகபட்சம் 60 செகண்ட் ஆகலாம் என்று அதன் கையேட்டிலேயே போட்டிருக்கிறது, நான் போட்ட லைப்ரரியும் அந்த 60 செகண்டும் கையைக் கட்டிக்கொண்டு பதிலுக்காக நிற்கிற ரகம். அந்த இடைவெளியில் லைன் திரும்ப வந்தது, ஆனால் ரெண்டு பேஸாக வந்தது. மோட்டாரை ஓட்டச் சொல்லும் ரிலே இன்னும் மூடியே இருந்தது. கன்டாக்டர்கள் பிடித்தன, நாலு மோட்டாரும் உறுமின, கரண்டைப் பார்க்க வேண்டிய புரோகிராம் மெசேஜ் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தது. மெசேஜ் போய்ச் சேர்ந்தது. ஒரு மோட்டாரின் காயில் போயே போய்விட்டது. வைண்டிங் கூலி 2,800 ரூபாய்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த நேரப் பொருத்தம். சாதாரண நாளில் ஊனோ எல்லா வேலையையும் நன்றாகவே செய்தது. லைன் தடுமாறும் அந்த அரை நிமிஷத்தில்தான் எஸ்எம்எஸும் போக வேண்டும், எல்சிடியிலும் எச்சரிக்கை வர வேண்டும், நடந்ததைப் பதியவும் வேண்டும், கரண்டையும் கண்கொட்டாமல் பார்க்க வேண்டும். எல்லா வேலையும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும் அந்த நொடிக்குத்தான் கணக்குப் போட வேண்டும். சராசரி எவ்வளவு வேகம் என்பது இங்கே உதவாது.

அப்புறம் ஒரு தாளில் எழுதினேன், எந்த வேலை எவ்வளவு தாமதமானால் என்ன கெடும் என்று. இதுதான் முழு வேலையிலும் எனக்கு அதிக நேரம் பிடித்தது, இதை முதலிலேயே செய்திருந்தால் ஊனோவையே வாங்கியிருக்க மாட்டேன். நின்ற மோட்டார் ரெண்டு பேஸில் பத்து செகண்டைத் தாண்டி உறுமினால் ஆபத்து என்று வைண்டிங் கடைக்காரர் சொன்னார். சூடான மோட்டார் என்றால் அதைவிடக் குறைவு. பத்தை அப்படியே கெடுவாக வைக்காமல் ரெண்டு செகண்ட் என்று வைத்தேன், அதிலும் பெட்டிக்கு என் இலக்கு அரை செகண்ட். அதற்காக ரொம்பவும் வேகமாக வெட்டுவதும் நல்லதில்லை, காற்றில் கம்பி ஒரு கணம் உரசினால்கூட நாலு மோட்டாரும் நின்று நின்று கிளம்பும். சூடு, டிஓ ரெண்டும் ஒரு நிமிஷம் தாமதமானாலும் யாருக்கும் தெரியாது. எல்சிடி ஒரு செகண்ட் பிந்தலாம். எஸ்எம்எஸ் ரெண்டு நிமிஷம் பிந்தலாம்.

மாமாவிடம் இந்தத் தாளைக் காட்டினேன், அவருக்குக் கோபம். டிஓ தானடா பண்ணைக்கு உயிர், அதைப் போய்க் கடைசியில் தள்ளி வச்சிருக்கியே என்றார். நியாயமான கேள்விதான், காசு முழுக்க அந்த நம்பரில்தான் இருக்கிறது. ஆனால் அந்த நம்பர் பத்து செகண்டில் மாறாது. எவ்வளவு முக்கியம் என்று பார்த்து வரிசை கொடுத்தால் டிஓ முதலில் வரும், எவ்வளவு காத்திருக்க முடியும் என்று பார்த்தால் கரண்ட் அளப்பது முதலில் வரும். ரெண்டாவது வரிசைதான் சரி. அடிக்கடி வர வேண்டிய வேலைக்கு அதிக முன்னுரிமை என்ற இந்த விதியை லியூ, லேலண்ட் என்ற இருவர் 1973-லேயே கணக்குப் போட்டு எழுதிவிட்டார்கள். அதிலிருந்து எனக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு எண், அதைப் பின்னால் சொல்கிறேன்.

ரெண்டாவது பெட்டி இஎஸ்பி32. போர்டு 480 ரூபாய், ரெண்டு கோர் (0, 1 என்று எண் போட்ட ரெண்டு மூளை), 240 மெகாஹெர்ட்ஸ், உள்ளே ஃப்ரீஆர்டிஓஎஸ் (வேலைகளை முன்னுரிமைப்படி மாற்றி மாற்றி ஓட்டும் சின்ன ஆபரேட்டிங் சிஸ்டம்) ஏற்கெனவே இருக்கிறது, ஆர்டுவினோ சூழலிலேயே டாஸ்க் டாஸ்க்காகப் பிரித்து எழுதலாம். சிடி மூணும் 30 ஆம்பியருக்கு 1 வோல்ட் தரும் பிளவு வகை, கம்பியைக் கழற்றாமல் கவ்வலாம், ஒன்று 650. சிடிகளின் கம்பியை 32-லிருந்து 39 வரையுள்ள பின்களில்தான் கொடுக்க வேண்டும், மற்ற அனலாக் பின்கள் வைஃபை ஓடும்போது வேலை செய்யாது. நான் இப்போது வைஃபை போடவில்லை, நாளைக்குப் போட வேண்டிவந்தால் பெட்டியைப் பிரிக்க வேண்டாமே.

50 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு சுற்று 20 மில்லிசெகண்ட். மில்லிசெகண்டுக்கு ஒரு முறை மூணு பேஸையும் வாசித்து, 20 வாசிப்பு சேர்ந்ததும் ஆர்எம்எஸ் (ஏறி இறங்கும் கரண்டின் ஒருவகை சராசரி) கணக்குப் போடுகிறேன். மூணில் குறைந்தது, அதிகமானதில் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்தச் சுற்று கெட்ட சுற்று. தொடர்ந்து பத்து கெட்ட சுற்று வந்தால் வெட்டு. ஆக 200 மில்லிசெகண்ட், ரிலேயும் கன்டாக்டரும் விழ இன்னும் ஒரு 30. விகிதம் பார்ப்பதால் மோட்டார் கிளம்பும்போது இழுக்கிற ஆறு மடங்கு கரண்ட் குழப்பாது, மூணு பேஸும் சேர்ந்துதானே ஏறும்.

மில்லிசெகண்ட் தாளத்துக்கு ஹார்டுவேர் டைமர் வைத்தேன். டைமர் இன்டரப்ட்டுக்குள்ளேயே (ஓடும் வேலையைச் சட்டென்று நிறுத்திவிட்டு ஓடும் துண்டு) அனலாக் வாசிப்பைக் கூப்பிட்டால் போர்டு செத்து ரீஸ்டார்ட் ஆகிறது. அந்த ஃபங்ஷன் உள்ளே ஒரு லாக்கை (ஒரு நேரத்தில் ஒருவர்தான் வைத்திருக்கக்கூடிய சாவி மாதிரி) எடுக்கப் பார்க்கும், இன்டரப்ட்டுக்குள் லாக்குக்காகக் காத்திருக்க முடியாது. இன்டரப்ட் ஒரு தட்டு மட்டும் தட்டிவிட்டுப் போக வேண்டும், தட்டப்பட்ட டாஸ்க் எழுந்து வாசிக்க வேண்டும். அப்படி மாற்றியதும் நின்றுவிட்டது. மூணு வாசிப்புக்கும் சேர்த்து 0.25 மில்லிசெகண்ட் ஆனது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் பெரிய எண்தான் உயர்ந்த முன்னுரிமை. வேறு சில சிஸ்டங்களில் இது தலைகீழ், வாசித்துவிட்டு வந்தவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் பத்து செகண்டுக்கு ஒரு தடவை என்று டிஓ டாஸ்க்கைச் சாதாரண டிலே வைத்து எழுதினால், டிலே பத்து செகண்ட், அதற்குமேல் வேலை நேரம் என்று ஒவ்வொரு சுற்றும் பின்னால் நகரும். டிஎஸ்18பி20 சூடு சென்சார் 12 பிட்டில் அளக்கவே முக்கால் செகண்ட் எடுக்கும், ஒரு மணி நேரத்தில் எவ்வளவு நகரும் என்று நீங்களே பாருங்கள். "இந்த நேரம் வரை தூங்கு" என்கிற இன்னொரு வகை டிலே இருக்கிறது, அதைப் போடுங்கள்.

முன்னுரிமை இப்படிக் கொடுத்திருந்தேன்: கரண்ட் வாசிப்புக்கு 6, முடிவெடுத்து வெட்டுவதற்கு 5, ஜிஎஸ்எம் மாட்யூலுக்கு 3, எல்சிடிக்கு 2, டிஓவும் சூடும் 1. ஜிஎஸ்எம்மை நடுவில் வைத்ததற்குக் காரணம், சீரியல் பஃபர் நிரம்பி மாட்யூலின் பதில்கள் தொலைந்துபோகும் என்ற பயம். எல்லாமே ஒன்றாம் கோரில்.

பண்ணையில் மறுபடி மோட்டாரை வைத்துச் சோதிக்க மாமா விடவில்லை, விடவும் கூடாது. கடையில் மேஜை மேல் மூணு 200 வாட் குண்டு பல்பு, மூணுக்கும் தனித்தனி சுவிட்ச். 200 வாட் பல்பு ஒரு ஆம்பியர்கூட இழுக்காது, அதற்கு ஒரு வழி இருக்கிறது: கம்பியை சிடிக்குள் ஐந்து சுற்று சுற்றினால் ஐந்து மடங்காகத் தெரியும், நாலு ஆம்பியருக்கு மேல் கிடைத்துவிடும். 700 ரூபாய்க்கு எட்டு சேனல் லாஜிக் அனலைசர் ஒன்று வாங்கினேன், 24 மெகாஹெர்ட்ஸ், லேப்டாப்பில் பல்ஸ்வியூ. ஒவ்வொரு டாஸ்க்கும் வேலை தொடங்கும்போது ஒரு பின்னை உயர்த்தி முடியும்போது இறக்கும்படி எழுதினேன். இந்த 700 ரூபாய் இல்லாமல் மிச்சக் கதை கிடையாது. சீரியல் மானிட்டரில் பிரின்ட் போட்டுப் பார்க்கலாமே என்றால், பிரின்ட்டே நேரத்தைத் தின்னும், அளக்கப் போன பொருளை அதுவே மாற்றிவிடும்.

பல்பு ஒன்றை அணைத்தால் 230 மில்லிசெகண்டில் ரிலே விழுந்தது. திரும்பத் திரும்பச் செய்தேன், 228, 231, 230. சந்தோஷமாக எழுந்து டீ குடிக்கப் போகலாம் என்று இருந்தபோது, வேண்டுமென்றே எஸ்எம்எஸ் அனுப்பும் நேரத்தில் பல்பை அணைத்துப் பார்த்தேன். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, சிக்னல் இல்லாதபடி. பெரும்பாலும் அதே 230. ஆனால் எப்போதாவது ஒரு தடவை ரிலே விழ ஆறு செகண்ட், ஒரு தடவை பதினொன்று. உயர்ந்த முன்னுரிமை உள்ள டாஸ்க், அதைவிடத் தாழ்ந்த எஸ்எம்எஸ்ஸுக்காக நிற்கிறது. எப்படி?

அனலைசர் படத்தில் தெரிந்தது இது. வெட்டும் டாஸ்க், வெட்டுவதற்கு முன் நேரத்தைக் குறிக்க டிஎஸ்3231 கடிகாரத்தை வாசிக்கிறது. கடிகாரமும் எல்சிடியும் ஒரே ஐ2சி கம்பியில். ரெண்டு பேரும் ஒரே சமயம் பேசாமல் இருக்க ஒரு செமஃபோர், அதுவும் ஒரு லாக்தான். எல்சிடி அந்த செமஃபோரை எடுத்துக்கொண்டு நாலு வரியையும் எழுத ஆரம்பிக்கிறது, 80 எழுத்துக்கு எனக்கு 100 மில்லிசெகண்ட் பக்கம் ஆகிறது. பாதியில் ஜிஎஸ்எம் டாஸ்க் எழுகிறது. அது எல்சிடியைவிட உயர்ந்தது, பதில் வந்ததா வந்ததா என்று தூங்காமல் கேட்டுக்கொண்டே சுற்றுகிறது. எல்சிடிக்கு சிபியு கிடைக்கவே கிடைக்காது, கையிலிருக்கும் செமஃபோரையும் விடாது. இப்போது பேஸ் போகிறது. வெட்டும் டாஸ்க் எழுந்து செமஃபோரைக் கேட்கிறது. ஒற்றையடிப் பாலத்தில் மாட்டுவண்டி நிற்க, பின்னால் ஆம்புலன்ஸ் நிற்பதுபோல. வண்டிக்காரரை டீக்கடையில் யாரோ பேச்சில் பிடித்து வைத்திருக்கிறார், அந்த ஆள்தான் ஜிஎஸ்எம்.

செவ்வாயில் 1997 ஜூலை 4 அன்று இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலத்துக்கும் இதே நோய்தான் வந்தது. வானிலைத் தகவல் எடுக்கும் தாழ்ந்த டாஸ்க் ஒன்று லாக்கைப் பிடித்திருக்க, நடுத்தர டாஸ்க் குறுக்கே ஓட, தரவுப் பாதையைக் கவனிக்கும் உயர்ந்த டாஸ்க் கெடு தவறி, கம்ப்யூட்டர் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது. பூமியிலிருந்தபடியே லாக்கின் ஒரு செட்டிங்கை மாற்றிச் சரிசெய்தார்கள். அந்த செட்டிங் செய்வது இதுதான்: லாக்குக்காக உயர்ந்தவர் காத்திருந்தால், அதை வைத்திருக்கும் தாழ்ந்தவருக்குத் தற்காலிகமாக அந்த உயர்ந்த முன்னுரிமையைக் கொடுத்து, சீக்கிரம் முடித்துவிட்டு வெளியே வா என்பது. ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் மியூட்டெக்ஸ் என்று உருவாக்கினால் இது தானாகவே கிடைக்கும், பைனரி செமஃபோர் என்று உருவாக்கினால் கிடைக்காது. நான் பைனரி வைத்திருந்தேன். மாற்றியது ஒரே வரி.

வாட்ச்டாக் (புரோகிராம் மாட்டிக்கொண்டால் கண்டுபிடிக்கும் காவல் டைமர்) ஏன் குரைக்கவில்லை என்றும் பார்த்தேன். ஆர்டுவினோ சூழலின் இயல்பு செட்டிங்கில் வாட்ச்டாக் பூஜ்யம் கோரின் ஐடில் டாஸ்க்கை (வேறு வேலை இல்லாதபோது ஓடுவது) மட்டும்தான் பார்க்கும், ஒன்றாம் கோரைப் பார்க்காது. என் டாஸ்க் எல்லாம் ஒன்றாம் கோரில்.

மியூட்டெக்ஸ் போட்டதும் ஆறு செகண்ட் போய்விட்டது, மோசமான நேரம் 330 மில்லிசெகண்ட். இலக்குக்குள்தான். ஆனாலும் மனசு ஒப்பவில்லை, வெட்டுகிற கை எல்சிடிக்காக ஏன் நிற்க வேண்டும்? அதனால் அமைப்பையே மாற்றினேன். வெட்டும் டாஸ்க் இப்போது எந்த லாக்கையும் தொடாது. முதலில் பின்னை இறக்கி ரிலேயை விடும், பிறகு "வெட்டினேன், இந்தப் பேஸ், இவ்வளவு கரண்ட்" என்று ஒரு க்யூவில் போட்டுவிட்டுப் போய்விடும். கடிகாரத்தை வாசித்து நேரம் போடுவது, மெமரி கார்டில் பதிவது, மெசேஜ் அனுப்புவது எல்லாம் கீழே இருப்பவர்கள் பாடு. ஜிஎஸ்எம்மைக் கடைசி முன்னுரிமைக்குத் தள்ளி, காத்திருப்பதைத் துண்டு துண்டாக்கினேன்: கட்டளை அனுப்பு, 50 மில்லிசெகண்ட் தூங்கு, பதில் இருக்கிறதா பார், இல்லையென்றால் மறுபடி தூங்கு. பஃபரைப் பெரிதாக்கியதும் பதில் தொலைகிற பயமும் போனது. இப்போது ஆன்டெனா இருந்தாலும் இல்லாவிட்டாலும், எத்தனை தடவை பல்பை அணைத்தாலும் 232-ஐத் தாண்டவில்லை.

முன்னே சொன்ன எண் இங்கே. ஒவ்வொரு டாஸ்க்கும் சிபியுவில் எத்தனை சதவீதம் எடுக்கிறது என்று கூட்ட வேண்டும். வாசிப்பு 1 மில்லிசெகண்டுக்கு 0.25, அதாவது 25 சதவீதம். முடிவெடுப்பது 20-க்கு 0.6, 3 சதவீதம். எல்சிடி 500-க்கு 100, 20 சதவீதம். அதில் பாதி ஐ2சி-க்காகச் சும்மா காத்திருக்கும் நேரம்தான், இருந்தாலும் முழுசாகவே போட்டுக்கொண்டேன். டிஓ ஒரு சதவீதம்கூட இல்லை. மொத்தம் 49 என்று வைத்துக்கொள்ளலாம். நாலு டாஸ்க்குக்குக் கூட்டுத்தொகை 75 சதவீதத்துக்குள் இருந்தால், எந்தப் பொல்லாத நேரத்தில் சேர்ந்து வந்தாலும் ஒருவரும் கெடு தவற மாட்டார்கள் என்பது அந்த 1973 கணக்கு. டாஸ்க்குகள் ஒருவருக்கொருவர் காத்திருக்காமல் இருந்தால்தான் இது செல்லும், நான் லாக்கைப் பிடுங்கி எறிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். எஸ்எம்எஸ் இந்தக் கூட்டலில் இல்லை, மிச்சமிருக்கும் நேரத்தில் அது போனால் போதும்.

பண்ணையில் மாட்டும்போது வேறு தலைவலி. சிம்800எல் சிக்னல் அனுப்பும்போது 2 ஆம்பியர் வரை வெடுக்கென்று இழுக்கும், வோல்டேஜ் சரிந்து இஎஸ்பி32 ரீசெட். அதற்குத் தனி பக் கன்வெர்ட்டர் (வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் போர்டு) போட்டு, பக்கத்திலேயே 1000 மைக்ரோஃபாரட் கண்டென்சர் வைத்ததும் அடங்கியது. 2ஜி உள்ள சிம் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். உப்புக்காற்றுக்கு ஐபி65 பெட்டி, கேபிள் கிளாண்ட் எல்லாம் கீழ்ப்பக்கம் மட்டும், போர்டு முழுக்கக் கோட்டிங் ஸ்ப்ரே. திருகு டெர்மினல்களில் கிரீஸ் தடவினேன். தடவாமல் விட்ட ஒன்று மட்டும் சில வாரத்தில் பச்சை பூத்தது.

பேஸ் போய் வெட்டியபின் திரும்ப எப்போது ஓட்டுவது? இந்த இடத்தில் வோல்டேஜை நம்பலாம், ஏனென்றால் மோட்டார் எல்லாம் நின்றுவிட்டன, பொய் வோல்டேஜ் தர ஆளில்லை. மூணு பேஸும் 30 செகண்ட் தொடர்ந்து நன்றாக இருந்தால் ஒவ்வொரு ஏரேட்டராக, எட்டு செகண்ட் இடைவெளியில் கிளப்பும். ரெண்டு நிமிஷத்தில் லைன் ஒழுங்காக வராவிட்டால் சைரன், வாட்ச்மேன் எழுந்து ஜெனரேட்டர் போட வேண்டும். அவருக்கும் எஸ்எம்எஸ் அனுப்பத்தான் முதலில் நினைத்திருந்தேன். "தம்பி, ராத்திரில மெசேஜெல்லாம் யாரு பாப்பா? சத்தம் போடச் சொல்லு, போதும்" என்றார். இந்தப் பெட்டியிலேயே உருப்படியான யோசனை அதுதான்.

பெட்டியே செத்துப்போனால் என்ன என்பதில்தான் அதிகம் குழம்பினேன். செத்தால் மோட்டார் எல்லாம் நிற்கட்டும் என்று வைத்தால் இறால் போகும். ஓடட்டும் என்று வைத்தால் பேஸ் போகிற நாளில் மோட்டார் போகும். மோட்டார் 2,800, இறால் லட்சக்கணக்கு, கணக்குப் பார்த்தால் ஓடவிடுவதுதான் சரி என்று தோன்றும். ஆனால் நாலும் ஒரே நேரத்தில் கருகினால் இறாலும் சேர்ந்துதான் போகும். கடைசியில் நிற்கும்படியே வைத்து, சைரனைத் தலைகீழாகக் கோர்த்தேன். வாசிப்பு டாஸ்க்கும் வெட்டும் டாஸ்க்கும் ரெண்டும் உயிரோடு இருந்தால் மட்டும் ஒரு பின் துடித்துக்கொண்டே இருக்கும், அந்தத் துடிப்பு சைரன் ரிலேயைப் பிடித்து வைத்திருக்கும். துடிப்பு நின்றால் ரிலே விழும், பேட்டரி சைரன் அலறும், வாட்ச்மேன் வந்து ஆட்டோவிலிருந்து மேனுவலுக்குத் திருப்புவார். ஓவர்லோடு ரிலேக்களைத் திரும்ப மூன்றரைக்கு இறக்கி, பெயின்ட் வைத்துவிட்டேன், யாராவது திருகினால் தெரியும்.

செலவு, டிஓ ப்ரோப் தவிர, ஏழாயிரத்துக்குள். சிடிக்கே 1,950. ப்ரோப் தனி, அது பதினாறாயிரத்தைத் தொட்டது, அதன் மூடியில் பாசி படிவதால் வாரம் ஒருமுறை துடைத்தால்தான் நம்பர் நம்பும்படி இருக்கிறது.

மாமாவின் தம்பி பண்ணைக்கு இன்னொன்று கேட்டிருக்கிறார்கள். அதில் கரண்ட் பார்த்து வெட்டும் வேலையைத் தனிச் சின்ன சிப்புக்குக் கொடுத்துவிடப் போகிறேன், கையிலிருக்கும் பழைய ஊனோவே போதும், அதில் வேறு எதுவும் ஓடாது. இஎஸ்பி32 டிஓ, எல்சிடி, மெசேஜ் மட்டும் பார்க்கும். ஒரே சிப்பில் எல்லாவற்றையும் போட்டு முன்னுரிமையோடு மல்லாடியது எனக்குப் படிப்பாக இருந்தது, ஆனால் அடுத்தவர் பண்ணைக்கு மாட்டும்போது நூறு வரிக்குள் முடிகிற புரோகிராம்தான் எனக்கு நிம்மதி. எல்சிடியில் மாறிய எழுத்தை மட்டும் எழுத வேண்டும், முழு வரியும் திரும்ப எழுதுவது வெட்டி வேலை. 2ஜி மாட்யூலுக்குப் பதில் 4ஜி. அங்கே ஜெனரேட்டர் சின்னது, எட்டு செகண்ட் இடைவெளி போதுமா என்று முதலில் ரெண்டு ஏரேட்டரைக் கிளப்பி வோல்டேஜ் எவ்வளவு சரிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் எண்ணைப் போட வேண்டும்.